எடுக்கச் சொன்ன சுவர்

என் முதலாளி யாரையும் உரக்கத் திட்டியதில்லை. கோபம் வந்தால் குரலை இன்னும் தாழ்த்துவார். அப்போது அலுவலகத்தில் எல்லாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்கள், இன்றைக்கு யார் தலை உருளப்போகிறது என்று. பெரும்பாலும் அது என் தலையாக இருக்கும்.

பம்பாய் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. சங்கீதம், காப்பி, ஆங்கிலம் என்று எதிலும் குறை சொல்ல முடியாத மனிதர். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கட்டடக்கலை அலுவலகம் வைத்திருந்தார். அறுபதுகளின் நடுவில் படிப்பை முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்தபோது, ஒன்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் நான். அதைக்கூட அவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். என் தமிழைத்தான் மன்னிக்கவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, தேரிக்காட்டுப் பக்கம். அப்பாவுக்கு டிராம்பேயில் எண்ணெய் ஆலையில் வேலை. வீடு செம்பூர் திலக் நகரில். வீட்டில் பேசுகிற மாதிரித்தான் வெளியிலும் பேசுவேன். ஒருநாள் லீவு எடுத்துவிட்டு மறுநாள் போய், காய்ச்சலாய்க் கிடந்தேன் என்பதை எங்கள் பேச்சில் சொல்லிவிட்டேன். அவர் எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னொரு தரம் சொல்லு, இவாளும் கேக்கட்டும்" என்றார். சொன்னேன், வேறு வழி? அதற்குப் பிறகு ஒரு வாரம், டீ கொண்டுவருகிற ஆள் வரைக்கும் என்னைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். இனி இந்த மனிதரிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று வைராக்கியமாக இருந்தேன். அதையும் ஒரு மாதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கிலீஷிலும் அந்தக் கருவாட்டு வாசனை போகவில்லையே என்றார், மிக மென்மையாக.

அந்த வருஷம்தான் அருங்காட்சியக வேலை வந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர், நடுவில் குவிமாடம், முகப்பு முழுக்கச் சிங்க முகமும் பூங்கொடியும் செதுக்கிய மஞ்சள் கல். உள்ளே இடம் போதவில்லை. வெவ்வேறு இடங்களில் கிடைத்த சிலைகளில் பாதி, கிடங்கில் கோணி போர்த்திக் கிடந்தன. பின்னால் புதிதாக ஒரு கட்டடம் கட்டி அதைப் பழையதோடு இணைக்க வேண்டும். பழையதற்குப் பக்கத்தில் புதியது எப்படி நிற்க வேண்டும் என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி அதே குவிமாடத்தைச் சின்னதாக இன்னொன்று கட்டச் சொன்னது, தாயும் பிள்ளையும் மாதிரி இருக்குமாம். மற்றது பழையதன் முதுகோடு சிமெண்டுப் பெட்டி ஒன்றை ஒட்டிவிடச் சொன்னது. அருங்காட்சியகத்தின் டிரஸ்டிகள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் சாய்வதற்கு வசதியாக முதலாளி நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

பழைய கட்டடத்தின் பின்சுவரை அளந்து வர என்னை அனுப்பினார்கள். மரியாதையினால் அல்ல. அங்கே காவல்காரர்கள் ஒன்றுக்கிருந்து இருந்து நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆண்கள் யாரும் போக மாட்டேன் என்றுவிட்டார்கள். நான் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, ஆமணக்குச் செடிகளை ஒதுக்கிக்கொண்டு போனேன்.

முகப்புக்குச் செய்த அலங்காரம் எதுவும் பின்னால் இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கல்லைக் கொத்திய வாக்கிலேயே அடுக்கியிருந்தார்கள். அப்படி விட்டதால் ஒரு காரியம் தப்பியிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் அதைக் கொத்தியவன் தன் கல் இது என்று அடையாளம் வெட்டியிருந்தான். ஒருவனுக்கு மீன், ஒருவனுக்கு அம்பு, ஒருவனுக்குப் பாதி நிலா. ஒரு கல்லில் உளி வழுக்கி மீனுக்கு இரண்டு வால் வந்துவிட்டிருந்தது. முன்பக்கம் மெருகேற்றியபோது இந்த அடையாளங்களையெல்லாம் தேய்த்து அழித்திருப்பார்கள். பின்னால் ஒருவரும் மெனக்கெடவில்லை. அளவெடுக்கிற நாடாவை விட்டுவிட்டு வெகுநேரம் கல் கல்லாகத் தடவிப் பார்த்தேன். எனக்கு அந்தக் குவிமாடத்தைப் பார்த்து ஒருநாளும் ஒன்றும் தோன்றியதில்லை. இந்தச் சுவரை விட்டு நகர முடியவில்லை.

அந்த வாரமே ஒரு யோசனை வரைந்தேன். புதிய கட்டடம் பழையதைத் தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் பத்தடி இடைவெளி, மேலே கண்ணாடிக் கூரை. புதிய கட்டடத்தின் மாடித் தளம் மட்டும் கொஞ்சம் நீண்டு வந்து, பழைய சுவருக்கு எட்டுகிற தூரத்தில் அந்தரத்தில் நின்றுவிடும். பழைய கட்டடத்தைப் பார்த்து முடித்தவர்கள் பின்வாசல் வழியாக இந்த இடைவெளிக்குள் வருவார்கள். திரும்பிப் பார்த்தால், இதுவரை எதற்குள் இருந்தார்களோ அதன் முதுகு தெரியும். புதிய கட்டடத்தில் முதல் காட்சிப்பொருள் அந்தச் சுவர்தான். அப்புறம்தான் சிலைகள்.

முதலாளி வரைபடத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கத்தைக் காட்டறதுக்கா டிரஸ்டிகள் பணம் குடுக்கறா?" என்றார். பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கமோ என்று கேட்டார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். நான் வரைபடத்தைச் சுருட்டி என் மேஜைக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போட மனசு வரவில்லை.

டிரஸ்டிகளின் தலைவர் வயசானவர், பெரிய கப்பல் குடும்பத்துக்காரர், யார் மேஜையையும் எட்டிப் பார்க்கிற கிழவர். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தவர் என் பக்கமாக நடந்தபோது, நான் மறுபடி விரித்து வைத்து எதையோ திருத்திக்கொண்டிருந்த அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டார். இது என்ன என்றார். சொன்னேன். மீனைச் சொன்னேன், இரண்டு வாலைச் சொன்னேன். கிழவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாக அந்தக் கட்டடத்துக்கு வந்து போகிறேன், பின்னால் போனதே இல்லையே என்றார். முதலாளி ஓடி வந்தார். ஒரு மூச்சுகூட விடாமல், "இதைத்தான் நாங்கள் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தோம்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அடுத்த மாதம் அந்த 'நாங்கள்' தேய்ந்து 'நான்' ஆகிவிட்டது.

எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பேர் யாருடையதாக இருந்தால் என்ன, சுவரை ஜனங்கள் பார்த்தால் போதும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து அந்த மீனைத் தொட்டுப் பார்ப்பதை எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்தாகிவிட்டது. செம்பூர் ஸ்டேஷனில் ஏறி வி.டி. போகிற வரைக்கும் லேடீஸ் டப்பாவில் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கட்டட வேலை ஆரம்பித்தது. கொத்தனார்களுக்கு மேஸ்திரியாக வந்தவர் தாராவிக்காரர். அவரும் எங்கள் சீமைதான், அவருக்குக் கீழே இருந்தவர்களும் அப்படியே. ஐம்பது வயசிருக்கும், தலையில் எப்போதும் துண்டு, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. முதல் நாளே என் பேச்சைக் கேட்டதும் மனிதருக்கு வாயெல்லாம் பல். நம்ம ஊர்ப் பிள்ளையா என்று எல்லாக் கொத்தனாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த இடத்தில் என் தமிழைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே போவதென்றால் கொள்ளை ஆசையாக இருந்தது.

முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. இனிமேல் நீ சைட்டுக்குப் போக வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். நான் சாரத்தில் ஏறினால் கீழே இருக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு மேலே பார்க்கிறார்களாம். அதே சாரத்தில் நாள் பூராவும் தலையில் கல் சுமந்துகொண்டு நூறு பெண்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, அந்த வேலைதான் உனக்கு இஷ்டமென்றால் சொல், மேஸ்திரியிடம் சொல்லி ஒரு கூடை வாங்கித் தருகிறேன் என்றார்.

இப்போது அந்த இன்னொரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பின்சுவருக்கு நேர் எதிரே, நான் இடைவெளி விட்டிருந்த இடத்துக்குள்ளேயே, ஒரு செங்கல் சுவர் நெஞ்சுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ காவல்காரர்களுக்காகக் கட்டிய கக்கூசின் மிச்சம். அதற்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான். அதை இடித்துத் தள்ளினால்தான் இடைவெளியே உண்டு. வரைபடத்தில் அதைப் புள்ளிக்கோடாகப் போட்டிருந்தேன், இடிக்க வேண்டியது என்று அர்த்தம்.

முதலாளியிடம் ஒரு பழக்கம். ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு வரைபடம் கொடுப்பார். மேஸ்திரியிடம் மட்டும் தமிழில் நேரே சொல்வார். ஒப்பந்தக்காரரின் ஆட்களோ குஜராத்தில் கட்ச் பக்கத்தவர்கள், தமிழ் தெரியாது. அவர்கள் முன்னால் புரியாத பாஷையில் உத்தரவு போட்டால் இவருக்குத் தனி மிடுக்கு. டில்லிக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக ஒருநாள் சைட்டுக்குப் போனவர், போகிற போக்கில் அந்தக் குட்டைச் சுவரைக் கையால் காட்டி மேஸ்திரியிடம் ஒரு உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார். டில்லியில் ஒன்றரை மாதம் இருந்தார். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். நான் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று முதலாளியை டிரங்க் காலில் கேட்டேன். அவசியமில்லை என்று பதில் வந்தது.

அவர் திரும்பி வந்த அன்று, மழைநீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று கேள்வி வந்து, வேறு ஆள் இல்லாமல் என்னை அனுப்பினார்கள். போனேன். பின்பக்கம் திரும்பினேன். சுவரைக் காணோம். அதாவது பழைய சுவரைக் காணோம். அந்தக் குட்டைச் சுவர் நெஞ்சுயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. பூச்சும் பூசியாயிற்று. அந்தரத்தில் நிற்க வேண்டிய மாடித் தளம் அதன் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கீழே தாங்குவதற்குச் சுவர் இருக்கிறதே என்று கம்பியையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கட்டிவிட்டார்கள். இனி அந்தச் சுவரை இடித்தால் தளம் தலையில் விழும். தளத்தையும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம் என்றால், சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கவே நாக்குத் தள்ளுகிற காலம் அது.

மேஸ்திரி சிரித்த முகத்தோடு வந்தார். எப்படியிருக்கு என்று கேட்டார். இதை யார் கட்டச் சொன்னது என்று கேட்டேன்.

"ஐயாதான் சொன்னாரு. தளம் போடுதுக்கு முந்தி அந்தச் செவர எடுத்துருன்னாரு. எடுத்தாச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டுங்காவில் சுவரை எடுத்துவிடு என்றால் அப்புறப்படுத்து என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் கொத்தனாரிடம் செவரு எடு என்றால் கட்டு என்று அர்த்தம். வீட்டுக்குச் செவரு எடுத்தாச்சா என்றுதான் எங்கள் ஊரில் விசாரிப்பார்கள். இல்லாமல் செய்ய வேண்டுமானால் இடி என்போம், தட்டு என்போம், எடு என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். தளம் போடுவதற்கு முன்னால் சுவரை எடு. இவர் சொன்னதும் சரியான தமிழ், அவர் கேட்டதும் சரியான தமிழ். இரண்டுக்கும் நடுவில் என் சுவர் போய்விட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறிப்போச்சோ என்று மேஸ்திரி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் மேல் அப்போது எனக்குக் கோபம் இல்லை. ஐயா இடிக்கச் சொன்னதை அவர் கட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன், கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, போ என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் பயந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

இரண்டு நாள் கழித்து அருங்காட்சியகத்தில் டிரஸ்டிகள் கூட்டம். என்னையும் வரச் சொன்னார், புடவை நன்றாகக் கட்டிக்கொண்டு வா என்று வேறு சொன்னார். பாடம் செய்த மிருகங்கள் வரிசையாக நிற்கிற கூடத்துக்கு அடுத்த அறை. நீள மேஜை, ஆறேழு பெரியவர்கள், நடுவில் தலைவர். கிழவரின் முகம் வாடியிருந்தது. அவர் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சுவர்ப் பக்கமாக, துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி எழுந்தார். தவறு தன் அலுவலகத்தில்தான் நடந்தது, தாமே பொறுப்பு என்று ஆரம்பித்தார். ஆகா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாம் டில்லியில் இருந்தபோது சைட்டில் தமிழில் உத்தரவு கொடுக்கும் வேலையைத் தம் பெண் உதவியாளரிடம் விட்டிருந்தாராம். அவளும் மேஸ்திரியும் ஒரே ஜில்லாக்காரர்கள், பேச்சு சுலபமாக இருக்குமே என்றுதானாம். சின்னப் பெண், அனுபவம் போதாது, என்ன சொன்னாளோ தெரியவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் அத்தனை இதமாக இருந்தது. என்னைத் தண்டிக்க வேண்டாம் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளவும் செய்தார்.

நான் சைட்டுக்கே போகக்கூடாது என்று சொல்லியிருந்ததைச் சொன்னேன். அவர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். தலைவர் மேஸ்திரியைப் பார்த்து இந்தியில், உனக்கு உத்தரவு கொடுத்தது யார் என்று கேட்டார்.

"மேம்சாப் நே போலா" என்றார் மேஸ்திரி, அந்த அம்மாதான் சொன்னது என்று. துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் என்னிடம் ஒரு சாட்சி இருந்தது, அதை யாராலும் உடைக்க முடியாது என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னேன். இந்தத் தவறு நடந்ததே ஒரு சொல்லால். என் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கட்டு என்றுதான் அர்த்தம். அதனால் ஒரு சுவரை இடிக்கச் சொல்வதற்கு அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியிருக்கவே முடியாது. வேறு தமிழ் பேசுகிற ஒருவர்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும். இந்த அறையில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார்.

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. குஜராத்தி பேசுகிறவர்கள், மராட்டி பேசுகிறவர்கள், ஆங்கிலம் மட்டும் பேசுகிற ஒருவர். தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஒரே மொழியில் இடி என்பதற்கும் கட்டு என்பதற்கும் ஒரே சொல் எப்படி இருக்கும் குழந்தாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். அப்படி உண்டா?

"என் தமிழில் இல்லை" என்றார் முதலாளி.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கிழவரும்கூட, என்னை வருத்தக்கூடாது என்று அடக்கிக்கொண்டே சிரித்தார். அந்த அறையில் நான் சொன்னது உண்மை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் மற்றவரிடம் திரும்பினேன். தமிழில் கேட்டேன்.

"அண்ணாச்சி, செவரு எடுன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

மேஸ்திரி தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி அதைவிட நல்ல யோசனை வைத்திருந்தார். வரைபடங்கள் எல்லாவற்றையும், கட்டியிருக்கிறபடி திருத்தி வரைய வேண்டும். அதை நானே செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் டிரேசிங் தாளில் மசியால் வரைந்ததை அழிப்பதற்குப் பாதி பிளேடால் சுரண்டி எடுப்போம். என் கண்ணாடிக் கூரையைச் சுரண்டினேன். இடைவெளியைச் சுரண்டினேன். புள்ளிக்கோட்டைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் தடித்த கோடாகச் சுவரை வரைந்தேன். முதலாளி மாலையில் ஒவ்வொரு தாளாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பழைய கோட்டின் தடம் கொஞ்சம் தெரிந்தாலும், இங்கே இன்னும் இருக்கிறது பார் என்று விரலால் காட்டித் திருப்பிக் கொடுப்பார். வேறு இடத்தில் வேலை தேடினேன். அனுபவம் இருக்கிறதா என்று கேட்டவர்கள், என் முதலாளியிடம் விசாரித்த பிறகு திரும்பக் கூப்பிடவில்லை.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. மந்திரி வந்தார், ஷெனாய் வாசித்தார்கள். நானும் போயிருந்தேன். பழைய கட்டடத்தின் பின்வாசலுக்கு வந்ததும் அந்த வெள்ளைச் சுவர் முகத்தில் அறைகிற மாதிரி நின்றது. மொட்டையாக இருக்கிறதே என்று அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு போட்டோவை மாட்டியிருந்தார்கள். அருங்காட்சியகத்தின் முகப்பு, குவிமாடம், சிங்க முகங்கள். முன்வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் எல்லாரும் பின்வாசலில் நின்று முன்வாசலின் படத்தைப் பார்த்து அழகு அழகு என்றார்கள். பழைமையும் புதுமையும் சந்திக்கிற இடத்தில் ஒரு மௌனம் வேண்டும் என்றுதான் இந்தச் சுவர் என்று முதலாளி மந்திரியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மந்திரி நாலு விரலால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பலமாக இருக்கிறது என்றார்.

அதற்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம், அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். மேஸ்திரி நின்றார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்று அந்த ஒரு நிமிஷத்தில் மனசுக்குள் எத்தனையோ வாக்கியங்கள் ஓடின.

அவர் மன்னிப்புக் கேட்க வரவில்லை. டிராம்பேயில் அப்பாவின் ஆலைக்காரர்கள் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புக் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டாராம். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் கொத்து வேலை கிடைக்குமே என்று வந்திருந்தார். அம்மாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அலுவலகத்தில் நான் பட்டதை வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் நாளைக்கே வேலையை விடு என்பார்கள், அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்ப்பார்கள். அம்மாவுக்கு அவர் பேச்சைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. "எந்தப் பக்கம் அண்ணாச்சி நீங்க?" என்றாள். சாத்தான்குளத்துக்குத் தெற்கே என்றார். ஐந்து நிமிஷத்தில் அம்மாவின் சித்தி வீடும் இவர் மச்சான் வீடும் ஒரே தெருவில் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மா கையைக் கழுவிவிட்டுக் காப்பி போட ஓடினாள்.

நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான்தான் பேசினேன். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவருக்கு அதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாளே ஐயா கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். சொன்னபடி சொன்னால் அடுத்த வேலையும் உண்டு, இல்லாவிட்டால் பம்பாயில் எந்தச் சைட்டிலும் கால் வைக்க முடியாது என்றாராம். தன்னை நம்பி இத்தனை குடும்பம் தாராவியில் இருக்கிறது என்றார். அடுத்த வேலையையும் ஐயா கொடுக்கவில்லை என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார்.

"ஐயா பேரச் சொன்னா அவரு என்னய விட மாட்டாரு. நீங்க நம்ம ஊருப் பிள்ள. கோவிச்சிக்கிட மாட்டியன்னு நினைச்சேன்."

அவர் அதை உபசாரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்திருந்தார். சொந்தக்காரப் பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொள்கிற உரிமையில் அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தார். முதலாளியைக்கூட நான் அந்த அளவுக்கு வெறுத்ததில்லை. எழுந்து போங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா காப்பியோடு வந்துவிட்டாள். வேலை விஷயத்தை அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுகிறேன், இவளும் சொல்லுவாள் என்று எனக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தாள்.

அவர் காப்பியை ஆற்றிக் குடித்தார். எனக்கு ஏதோ மனக்குறை இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தச் சுவரில் ஏதாவது கோளாறு வந்து, அதற்காக ஐயா என்னைப் போட்டு வதைக்கிறார் என்று எண்ணிக்கொண்டார் போலிருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்தினார்.

"அந்த இடத்துல செவரு எதுக்குன்னு மொதல்ல எனக்கே வெளங்கல. பின்னால கல்லு அம்புட்டும் மீனும் அம்புமா அசிங்கமா கெடந்துச்சுல்லா, அத மறைக்கத்தான்னு நினைச்சுக்கிட்டேன். தப்பா எடுத்த செவருன்னாலும் அந்த மட்டுக்கு நல்லதாப் போச்சு. இடுக்குல வெளிச்சம் வார சந்து பூராத்தையும் நானே கையால அடைச்சேன். நீங்க கவலப்படாதிய. எந்தக் காலத்துலயும் ஒருத்தன் கண்ணுலயும் படாது."

நல்ல வேலைக்காரர் என்று அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். அவருக்கு இன்னும் கொஞ்சம் காப்பி கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.